மூச்சு எடுக்கிற இடம்

— அந்த எடத்துல ஏன் மூச்சு எடுத்த?

— எந்த எடத்துலண்ணா?

— "காத்துக்குப் பின்னால யாரு"ன்னு பாடிட்டு ஒரு மூச்சு. அப்புறம்தான் "வரும்". முழு வரிய ரெண்டா ஒடச்சு வெச்சிருக்க.

— அது பாட்டே அப்படித்தான். இசைத்தட்டுல பாடின அம்மா அங்க மூச்சு எடுத்தாங்க. அவங்கள கேட்டுக் கத்துக்கிட்டு கேசட்ல பாடின அக்கா எடுத்தாங்க. அக்காவ கேட்டு ரீமிக்ஸ் பொண்ணு எடுத்தா. இப்ப நான். பழைய பாட்ட திரும்பப் பாடறதுன்னா சும்மாவா? அதுல தும்மல் இருந்தா நானும் தும்மணும்.

— முதல்ல கேளு. காலைல நீ என்ன சொல்லிட்டு உள்ள போன? "எல்லாரும் பண்ற தப்ப நான் பண்ண மாட்டேன், அந்த வரிய ஒரே மூச்சுல பாடிக் காட்டறேன் பாரு"ன்னு மார்தட்டிட்டுப் போனது யாரு?

— நான்தான். முடியல, விடேன். ஊருக்கே அந்த மூச்சு பழகிப்போச்சுண்ணா. மின்விசிறி விளம்பரத்துக்கு இந்தப் பாட்டப் போட்டாங்களே, அதுலயும் அங்க ஒரு நிறுத்தம். பட்டன் போன் காலத்துல ரிங்டோனா வந்துச்சே, அதுல பாடறதுக்கு ஆளே கெடையாது, வெறும் டிங் டிங். அதுவும் அந்த எடத்துல நின்னு மூச்சு வாங்குச்சு.

— மெஷினுக்கு எதுக்கு மூச்சு?

— கேட்டு அடிச்சவன் கேட்ட மாதிரியே அடிச்சிருப்பான். அப்புறம் ஒரு ராப் பையன் அந்த வரிய மட்டும் வெட்டி எடுத்து முப்பது தடவ ஒட்ட வெச்சான். முப்பது தடவயும் மூச்சு. பக்கத்து வீட்டுக்காரர் வண்டிய பின்னால எடுத்தா இந்தப் பாட்டுதான் அடிக்குது, நீயே கேட்டிருக்க. அதுகூட நின்னு நின்னுதான் பாடுது. இனிமே அது தப்பு இல்ல. அதான் பாட்டு.

— சரி விடு. இந்த ஹெட்ஃபோன மாட்டிக்க.

— ஸ்பீக்கர்ல போடேன். ஹெட்ஃபோன் போட்டுப் போட்டு காது ரெண்டும் அப்பளமா நசுங்கிடுச்சு.

— வேணாம். குட்டி இங்க என் காலடியில உக்காந்து படம் வரஞ்சுட்டிருக்கா. கேட்டா பயந்துக்கும்.

— பாட்டக் கேட்டு என்னண்ணா பயம்? என் பொண்ணு ஆறு வயசாகியும் வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசல. கேக்கவாவது கேக்கட்டுமே.

— சொன்னத செய்டி.

— உனக்கு இன்னிக்கு என்னமோ ஆயிடுச்சு. சரி, மாட்டிட்டேன். ஓட்டு. ம். நான்தான். இசையெல்லாம் எடுத்துட்டியா? அய்யோ, குரல் மட்டும் தனியா கேட்டா எனக்கே கூச்சமா இருக்கு. "ஜன்னல் திறந்தா காத்து வரும்." நல்லாத்தானே இருக்கு. "காத்துக்குப் பின்னால யாரு." அண்ணா.

— ம்.

— திருப்பிப் போடு.

— போட்டாச்சு.

— இன்னொரு தடவ. அண்ணா, யாருண்ணா அது?

— நல்லவேளை, உனக்கும் கேக்குது. எனக்குத்தான் மூளை கழண்டுடுச்சுன்னு நெனச்சேன்.

— ஒரு குழந்த. நான் மூச்சு எடுக்கற எடத்துல, எனக்கு முன்னாடியே "வரும்"னு பாடுது. ரொம்ப மெல்லிசா. வாய்க்குள்ளயே.

— உள்ள நீ மட்டும்தான இருந்த?

— நம்ம ஸ்டோர் ரூம்ல ரெண்டு பேர் நின்னா மூணாவதா கொசு வரமுடியாது. அதுல சுவரெல்லாம் மெத்தையா அடிச்சு வெச்சிருக்க, கதவுக்கும் ஒரு மெத்தை. நடுவுல கண்ணாடி வெக்கக் காசில்லாம உன் மூஞ்சி எனக்குத் தெரியாது, என் மூஞ்சி உனக்குத் தெரியாது. எல்லாம் மைக்தான். வேற யாரு வருவா?

— குட்டி?

— அவ உன்கூடத்தான இருந்தா. ஏண்ணா, அவ பாடியிருந்தா நான் இப்படி சும்மா உக்காந்திருப்பேனா? தெருவுல போறவங்களயெல்லாம் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து கேக்க வெச்சிருப்பேன்.

— அதுவும் சரிதான்.

— அண்ணா, ஒண்ணு சொல்றேன், திட்டக் கூடாது.

— சொல்லு.

— நான் ஒரே மூச்சுலதான் போனேன். மூச்சு நெறய இருந்துச்சு, இன்னும் ஒரு வரி பாடியிருக்கலாம். "யாரு"ன்னு முடிக்கறேன், ஹெட்ஃபோன்ல யாரோ பாடறாங்க. இசையிலேருந்து பழைய குரல நீ எடுக்காம விட்டுட்டன்னு நெனச்சேன். நின்னுட்டேன். அந்த நின்னதுதான் அந்த மூச்சு.

— அப்ப பழைய பாட்ட பாத்து நீ அத பண்ணல.

— பண்ணல. பயந்துட்டேன், அவ்வளவுதான். உன்கிட்ட சொன்னா கிண்டல் பண்ணுவியோன்னு மூடி மறச்சேன்.

— கிண்டல் பண்ற நெலமையில நான் இல்ல. இத கேளு. இது இசைத்தட்டு அம்மா. மேளம், வயலின் எல்லாத்தயும் பிரிச்சு எடுத்துட்டேன். வெறும் குரல்.

— ம். இழுத்து இழுத்துப் பாடறாங்க. "யாரு." அய்யோ.

— கேக்குதா?

— இருக்கு. இங்கயும் இருக்கு. ஆனா இது வேற குழந்த. குரல் கொஞ்சம் கட்டைக் குரல்.

— அது யாருன்னு தெரியுதா? நல்லாக் கேளு. நீ அந்தக் குரலோட எல்லாப் பாட்டயும் மனப்பாடம் பண்ணி வளந்தவ.

— கேசட் அக்கா. அண்ணா, அது கேசட் அக்காவோட குரல். குட்டியா இருக்கு, ஆனா அந்தக் கரகரப்பு அவங்களோடதுதான். அது எப்படி? இசைத்தட்டு வந்தப்ப அவங்க கைக்குழந்தையா இருந்திருப்பாங்க.

— அதான் என் கேள்வியும். இப்ப கேசட்டக் கேளு. கேசட் அக்கா மூச்சு எடுக்கற எடத்துல ஒருத்தி பாடறா பாரு.

— மூக்கால பாடுது. ரீமிக்ஸ் பொண்ணு. சந்தேகமே இல்ல. அண்ணா, இத்தன நாள் இது யாருக்கும் கேக்கலயா?

— எப்படிக் கேக்கும்? மேல ஒரு கூட்டமே வாசிச்சிட்டிருந்தது. ஒருத்தர் பாட்ட அடுத்தவங்க பாடினாங்க, வெட்டினாங்க, ஒட்டினாங்க. பிரிச்சுப் பாக்கணும்னு யாருக்குத் தோணும்? நானே இந்தப் புது சாஃப்ட்வேர் வந்ததால விளையாட்டுக்குத்தான் பாத்தேன்.

— அப்ப ஒவ்வொரு பாட்டுக்குள்ளயும் அடுத்துப் பாடப்போறவ இருக்கா.

— ம்.

— ரீமிக்ஸப் போடு.

— வேணாம்டி.

— போடுண்ணா. அதுக்குள்ள நான்தான இருக்கணும்? போடு.

— கேட்டுட்டு என்னத் திட்டாத.

— "வலும்"னு சொல்லுது. "வரும்" இல்ல. மழலை.

— உனக்கு அப்ப "ர" வராது. என்ன கூப்பிட்டு "அந்தக் கதவத் தொல"ம்ப. அந்தக் குரல எத்தன வருஷம் கழிச்சும் எனக்குத் தெரியும். காலைல இத கேட்டுட்டுத்தான் வெளிய போய் நின்னேன். நீ டீ குடிக்கப் போறேன்னு நெனச்ச.

— ஆனா ரீமிக்ஸ் பண்ணவங்களுக்கு நம்மளத் தெரியாது. என் குரல எங்க புடிச்சாங்க?

— புடிக்கவே முடியாது. ஏன்னா ரீமிக்ஸ் வந்தப்ப நீ பேசவே ஆரம்பிக்கல.

— லேட்டாப் பேசினேன்னு அம்மா சொல்லுவாங்க. எவ்வளவு லேட்டு?

— நாலு வயசு வரைக்கும் ஒரு சத்தம் கெடையாது. அழுதாக்கூட கண்ணுல தண்ணிதான் வரும். வாயாடின்னு உனக்குப் பேர் வந்ததெல்லாம் அதுக்கு அப்புறம். முதல்ல பேசின அன்னிக்கு நான் கூட இருந்தேன். பஸ்ல போறோம், நீ என் மடியில. டிரைவர் பாட்டு போட்டாரு. அப்பதான் வந்த புதுப் பாட்டு, ரீமிக்ஸ். "காத்துக்குப் பின்னால யாரு"ன்னு வந்துச்சு, அவ மூச்சு எடுத்தா. நீ "வலும்"ன. பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. அம்மா முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு அப்படி அழுதாங்க.

— இத ஏன் என்கிட்ட யாருமே சொல்லல?

— சொல்ல என்ன இருக்கு? குழந்த பேசிச்சு. சந்தோஷம். அதுக்கு மேல யாரு தோண்டிப் பாத்தா?

— கேசட் அக்காவும் ஒரு பேட்டியில சொல்லியிருக்காங்க. சின்ன வயசுல ஊமைன்னே நெனச்சிட்டாங்களாம். ரேடியோல இந்தப் பாட்டு வந்தப்ப கூடவே பாடினாங்களாம். கேக்கறவங்கள்லாம் கைதட்டினாங்க. நான் அது சும்மா அளந்து விடறதுன்னு நெனச்சேன்.

— இசைத்தட்டு அம்மாவுக்கு இதுக்கப்புறம் வந்த பாட்டு எது?

— இதுக்கப்புறமா? இதுக்கப்புறம், இரு. ஒண்ணும் இல்ல. கல்யாணம் ஆகி பாட்ட விட்டுட்டாங்கன்னு சொல்லுவாங்க.

— கேசட் அக்காவுக்கு?

— தொண்டையில கட்டின்னாங்க. இதான் கடைசி.

— ரீமிக்ஸ் பொண்ணு?

— அவள நான் பாத்திருக்கேண்ணா. ஒரு கல்யாணத்துல. ஓடிப்போய் கையப் புடிச்சுக்கிட்டு, உங்க பாட்ட கேட்டுத்தான் நான் பாட வந்தேன்னு பேசிட்டே இருந்தேன். அவ ஒரு வார்த்தை பேசல. என் வாயையே பாத்துட்டு இருந்தா. எனக்கு அப்படிக் கோவம் வந்துச்சு, என்ன திமிர்னு. அவ தங்கச்சிதான் சொன்னா, தொண்டையில ஒரு கோளாறும் இல்ல, எல்லா டாக்டரும் பாத்தாச்சு, ரீமிக்ஸ் வந்த கொஞ்ச நாள்லயே சத்தம் நின்னு போச்சு, அவ்வளவுதான்னு. கெளம்பறப்ப அவ என் தொண்டையில கைய வெச்சா. இப்படி, மெதுவா. தன்னோட பொருள் எங்கயோ பத்திரமா இருக்குன்னு பாத்துக்கற மாதிரி.

— போதும். நான் முடிவு பண்ணிட்டேன். இத அழிக்கறேன்.

— இரு.

— என்ன இரு? இத பாடச் சொன்ன படக் கம்பெனிக்கு வேற பாட்டு பாடிக் குடுக்கலாம். சாயங்காலம் போன் பண்ணுவாங்க, மெஷின் படுத்துடுச்சுன்னு சொல்லிக்கறேன்.

— அதில்லண்ணா. நான் பாடினதுக்குள்ள இருக்கற குழந்த யாரு?

— எவளோ. நமக்கெதுக்கு?

— எல்லாக் குரலயும் கண்டுபிடிச்சோம். இது மட்டும் ஏன் நமக்குத் தெரியல?

— தெரியாத குழந்த. உலகத்துல குழந்தைங்களுக்கா பஞ்சம்?

— தெரியாத குழந்த இல்ல. கேட்டதே இல்லாத குரல். அண்ணா, நம்ம வீட்லயே ஒரு குரல நாம கேட்டதில்ல.

— வாய மூடு.

— நீ எப்பவோ கண்டுபிடிச்சிட்ட. அதான் ஸ்பீக்கர்ல போடல.

— வாய மூடுன்னு சொன்னேன். அவளுக்குக் காது கேக்குது. இங்கதான் உக்காந்திருக்கா.

— சரி. சரிண்ணா. கத்தாத. அழிச்சிடு.

— நெசமாவா?

— நெசமா. என்கிட்ட இருக்கறது இந்தக் குரல் ஒண்ணுதான். பாடலைன்னா நான் யாரு? உலை வெக்கறதும் அதுலதான. ஆனா ஒண்ணு. கம்பெனிய ஏமாத்த வேணாம். உள்ள போய் அந்த வரிய மட்டும் இன்னொரு தடவ பாடறேன். எவ கூப்பிட்டாலும் நிக்க மாட்டேன், ஒரே மூச்சு. அந்த நிறுத்தமே இல்லன்னா அதுக்குள்ள எவ வர முடியும்? நீ பழச அழிச்சிட்டு புதுச வெச்சுக்க.

— இது புத்தி. போ. தண்ணி குடிச்சிட்டுப் போ.

— கதவ நானே சாத்திக்கறேன்.

— மைக் சரியா இருக்கா? ஏதாவது பேசு.

— ஜன்னல், காத்து, ஜன்னல், காத்து. கேக்குதா?

— கேக்குது. இரு, முதல்ல பழச எடுத்துடறேன். ம். போயிடுச்சு. குப்பையிலேருந்தும் எடுத்துட்டேன். மனசுக்கு இப்பதான் நிம்மதியா இருக்கு. குட்டி, உங்கம்மா பாடப்போறா, பென்சில உருட்டாம இரு. குட்டி? ஏய், குட்டி வெளிய போயிட்டாளா?

— இங்கதான் இருக்கா.

— எங்க?

— என் மடியில. உன் முதுகுக்குப் பின்னாலயே கூட்டிட்டு வந்தேன், நீ திரையையே பாத்துட்டிருந்த.

— அவள எதுக்குடி உள்ள கூட்டிட்டுப் போன? அவள வெளிய விடு. கதவத் தொற.

— தாழ்ப்பாள் போட்டிருக்கேண்ணா. தட்டாத, மெத்தைய தாண்டி எனக்குக் கேக்காது. மைக்குக்கிட்டயே வா.

— வந்துட்டேன். இப்ப என்ன? பாட்டுதான் அழிஞ்சுடுச்சே. நீ என்ன பண்ண முடியும்?

— நீ காலைல வெளிய போய் நின்னப்ப என் போன்ல ஏத்திக்கிட்டேன். நான் பாடினதெல்லாம் எப்பவும் ஏத்திக்குவேன், உனக்குத் தெரியாதா? ராத்திரி அவ தூங்கினப்புறம் கேப்பேன்.

— வேணாம்டி. சொன்னாக் கேளு. உன் குரல் போயிடும்.

— தெரியும்.

— ஒரு தடவ போனா வராது. அந்த மூணு பேருக்கும் வரல. உன் சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேக்கும். அது இல்லாத வீட்ல நான் எப்படிடி இருப்பேன்?

— ஆறு வருஷமா நான் எப்படி இருக்கேன்? அவ தூக்கத்துல உதடு அசைஞ்சா எழுந்து உக்காந்துக்குவேன், ஏதாவது வருமோன்னு. விழுந்து முட்டிய ஒடச்சுக்கிட்டு வந்து பேசாம நிக்கறா, ரத்தத்தப் பாத்துத்தான் எனக்குத் தெரியுது. அம்மான்னு ஒரு தடவ கூப்பிட்டதில்ல. என் தொண்டைய வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்? பழைய பாட்ட புதுசாப் பாடப் போறேன். அது யாரு வேணா பாடுவாங்க.

— சரி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவளுக்குள்ள வந்து பேசப்போறது அவதான்னு உனக்கு எப்படித் தெரியும்?

— அப்படின்னா?

— அது உங்க யாரோட குரலும் இல்ல. ஒருத்திகிட்ட தங்கிட்டு அடுத்தவகிட்ட போகுது. அது யாருன்னே நமக்குத் தெரியாது. தெரியாத ஒண்ண குழந்தைக்குள்ள விடப்போறியா?

— எனக்குள்ளயும் அதுதான இருக்கு? பஸ்ல "வலும்"னு சொன்னதே, அது நானா இல்லயா? நீதான் பக்கத்துல இருந்த. இத்தன வருஷம் கூட இருந்திருக்க. சொல்லு, உன்கூட பேசிட்டிருக்கறது உன் தங்கச்சியா?

— என்ன கேள்விடி இது.

— ஏண்ணா யோசிக்கற?

— யோசிக்கல. நீதான். நீதான்டி. நீயில்லாம வேற யாரு?

— அப்ப இவளும் இவதான். ஹெட்ஃபோன அவளுக்கு மாட்டி விட்டுட்டேன். பெருசா இருக்கு, மூக்கு வரைக்கும் எறங்குது. சிரிக்கறா. போன்ல சொருகிட்டேன்.

— கதவ ஒடச்சிடுவேன்.

— நீ சோடா பாட்டில் மூடியத் தொறக்கவே என்னக் கூப்பிடுவ. அண்ணா, கடைசியா ஏதாவது நல்லதாப் பேசணும்னு யோசிச்சேன், ஒண்ணும் தோணல. மாடியில தண்ணி மோட்டார நிறுத்தினியான்னு கேக்கத்தான் தோணுது.

— நிறுத்தல.

— நிறுத்திடு. ஓட்டறேன்.

— ஏய். ஏய், ஓட்டாத. கேக்குதா? நான் பேசறது கேக்குதா? இங்க பாரு, நாளைக்கு வேற டாக்டர்கிட்ட போவோம். நான் காசு பொரட்டறேன். எங்க வேணா போவோம். ஏதாவது பேசு. மைக் ஆன்லதான் இருக்கு, மூச்சு விடற சத்தம் எனக்குக் கேக்குது. பேசுடி. ஒரு வார்த்தை பேசு.

— பேசறேன்.

— அப்பாடா. உயிரே போயிடுச்சு. ஓட்டலதான? தெரியும், உனக்கு அந்த தைரியமெல்லாம் கெடையாது. ஏன் குரல் இப்படி மெலிஞ்சு போயிருக்கு? அழுதியா?

— இல்ல.

— மைக்கவிட்டுத் தள்ளி உக்காந்திருக்க போல. கோவமா என்மேல? கத்தினது தப்புதான். கதவத் தொற, தண்ணி தரேன்.

— கோவம் இல்ல மாமா. அம்மா சிரிச்சிட்டுத்தான் இருக்காங்க. சத்தம்தான் வல்ல.